அம்மாயியின் சாம்பல் டின்

எங்கள் காம்பராவின் அடுப்படியில், புகையேறிக் கறுத்த சுவரோரமாக, மூடியிழந்த பால்மா டின்னொன்று எப்போதும் இருக்கும். அதனுள்ளே சலித்த சாம்பல். அதன்மேல் ஒரு பிடி தேங்காய்த்தும்பு. அம்மாயி, அதாவது என் அன்னையை ஈன்ற பாட்டி, பெரட்டுக்குப் புறப்படுமுன் நாலரை மணிக்கே எழுந்து, அந்த டின்னைக் கையிலெடுத்துக்கொண்டு பீலிக்கரைக்குச் செல்வார். பனி இறங்கிய தலவாக்கலை மலைகளில் அந்நேரத்துத் தண்ணீர் எலும்பைத் தொடும். லயத்தின் பத்துக் காம்பராக்களுக்கும் அந்த ஒரே பீலி. ஏழு மணிக்குமேல் நீர் நூலாய் மெலிந்துவிடும். ஆகவே இருளிலேயே பாத்திரந்துலக்கும் ஓசை கேட்கத் தொடங்கும். அந்த ஓசையைக் கேட்டே நான் வளர்ந்தேன்.

அடுப்பில் எரிவது பெரும்பாலும் மிலாறு. தேயிலைச் செடியை நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துச் செய்யும்போது விழும் கிளைகளை எங்கள் பக்கத்தில் அப்பெயரால் அழைப்பர். மலைநாட்டாரல்லாத வாசகர் பொருட்டு இதைச் சொல்கிறேன். கொழுந்து கப்பலேறுகிறது, மிலாறு எங்கள் அடுப்பேறுகிறது, அதன் சாம்பல் எங்கள் பாத்திரத்தைத் துலக்குகிறது. தேயிலைச் செடியில் எங்களுக்கென்று மிஞ்சியது அவ்வளவே.

நகரப் பாடசாலையில் ஆறாம் வகுப்பிற் சேர்ந்த ஆண்டில், சுகாதாரப் பாடத்தின்போது, பாத்திரங்களை எதனாற் கழுவ வேண்டும் என்ற வினா எழுந்தது. நான் எழுந்து நின்று "சாம்பல்" என்றேன். வகுப்பு சிரித்தது. எதிர்பார்க்கப்பட்ட விடை சவர்க்காரம். அன்று மாலை வீடு திரும்பியதும் அந்த டின்னை அடுப்பின் பின்னே மறைத்து வைத்தேன். தேடிக் கண்டெடுத்த அம்மாயி ஒன்றும் சொல்லவில்லை. பழைய இடத்திலேயே அதை வைத்தார்.

சாம்பலும் சவர்க்காரமும் உறவுமுறையின என்பதை அறிய எனக்குப் பின்னும் சில ஆண்டுகள் தேவைப்பட்டன. விறகுச் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று உண்டு. நீரிற் கரைந்தால் அது காரத்தன்மை பெறும். எண்ணெய்ப் பிசுக்கைத் தாக்கி, அதன் ஒரு பகுதியைச் சவர்க்காரமாகவே மாற்றிக் கழற்றிவிடும். கரையாத நுண்துகள் தேய்க்கும் பணியைச் செய்யும். காரத்தைக் குறிக்க மேனாட்டார் வழங்கும் சொல்லே, தாவரச் சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பொற்றாசியம் என்னும் மூலகத்தை ஹம்ப்ரி டேவி 1807இல் பிரித்தெடுத்தபோது, பானையிற் காய்ச்சிய சாம்பலுக்கு வழங்கிய பெயரையே அதற்குச் சூட்டினார். ஐக்கிய அமெரிக்கா 1790இல் வழங்கிய முதலாவது ஆக்கவுரிமை நீராவி இயந்திரத்துக்கன்று. சாம்பலிலிருந்து காரவுப்பு எடுக்கும் முறைக்கே அது வழங்கப்பட்டது. வகுப்பு சிரித்தபோது இவையெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லத் துணிந்திருப்பேனோ என்பது வேறு விடயம்.

அம்மாயி இவற்றுள் எதனையும் அறியார். பள்ளி வாசலை மிதியாதவர். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு முறை வைத்திருந்தார். கறியேற்றிய சட்டிக்குச் சாம்பல். அலுமினியச் சட்டியில் மட்டும் சாம்பலை ஊறவிடக் கூடாது. காரம் அலுமினியத்தை அரிக்கும் என்பதை நான் நூலிற் படித்தேன். அவரோ மங்கிப்போன சட்டியின் முகத்திற் படித்தார். விறகடுப்பில் ஏற்றுமுன் பானையின் அடிப்புறத்தில் நனைத்த சாம்பலைக் குழம்பாக்கிப் பூசிவிடுவார். புகைக்கரி பானையைப் பற்றாது அந்தப் பூச்சையே பற்றும். கழுவும்போது இரண்டும் ஒன்றாய்க் கழன்று போகும். கருவாடு பொரித்த சட்டிக்குச் சாயத்தண்ணி வடித்த தூள். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ஆறிய சாயத்தண்ணி. கொழுந்தெடுத்துக் கறுத்த விரல்களுக்குச் சாறு பிழிந்த எலுமிச்சந்தோல். அந்தக் கறை முழுவதும் போனதை நான் கண்டதில்லை.

பித்தளைக்குப் புளி. எங்கள் வீட்டில் இருந்த பித்தளை ஒரே ஒரு செம்புதான். அம்மாயியின் தாயார் அக்கரையிலிருந்து கொண்டுவந்த பண்டங்களில் அது ஒன்றே எஞ்சியது. மற்றவை 1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்திற் போயின. தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்த காலம் அது. குத்துவிளக்கு, அண்டா, தாம்பாளம் எல்லாம் மாவுக்கும் மரவள்ளிக்குமாகக் கைமாறின. "செம்ப மட்டும் அம்மா சேலைக்குள்ள ஒளிச்சு வச்சுச்சு" என்பார். ஆண்டுக்கு இருமுறை, தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும், பழம்புளியை உப்போடு பிசைந்து அச்செம்பின்மேற் பூசிச் சற்றுப் பொறுப்பார். புளியிலுள்ள தாத்தாரிக்கமிலம் பித்தளைமேற் படிந்த களிம்பைக் கரைத்துவிட, கழுவியெடுக்கும்போது செம்பு விடியற்காலச் சூரியன்போல் வெளிப்படும். அந்த வேளையில் அம்மாயியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதுவரை எழுதியதைப் படிப்போர், பாட்டிமாரின் பொற்காலத்தைப் பாட வந்த கட்டுரை இது என எண்ணக்கூடும். சில மாதங்களுக்கு முன் சூழலியல் பற்றிய ஓர் உரையை மண்டபமொன்றில் கேட்டேன். பேச்சாளர் சாம்பலையும் புளியையும் வானளாவப் புகழ்ந்தார்; நம் முன்னோர் நஞ்சில்லா வாழ்வு வாழ்ந்தனர் என்றார். அவர் சொன்ன பண்டங்களிற் பிழையில்லை. ஆயினும் யார் தேய்ப்பது என்பதை அவர் சொல்லவில்லை. எட்டு மணிநேரம் கூடையைத் தலையிற் சுமந்து திரும்பிய பெண், குளிர்ந்த நீரில் மேலும் ஒரு மணிநேரம் தும்பாற் தேய்க்க வேண்டும். வெடித்த விரலிடுக்கிற் காரம் இறங்கும்போது எரியும். எங்கள் லயத்தில் ஆண்மக்கள் பாத்திரந் துலக்கியதை நான் கண்டதில்லை. என் தம்பியும் விலக்கல்லன். மேலும், சாம்பலைப் புகழ்வோர் புகையை மறந்துவிடுகின்றனர். புகைபோக்கி அடைத்த காம்பராவில் நாற்பது ஆண்டுகள் மிலாறு ஊதியவரின் இருமலும் அந்தச் சாம்பலோடு சேர்ந்தே கிடைத்தது.

என் அன்னை வேறொரு வகையான தூய்மையின் உலகுக்குச் சென்றவர். எனக்கு ஏழு வயதாயிருக்கையில் கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போனார். தீபாவளிக்கு வரும்போது பையில் ஊதா நிறத் திரவம் நிரம்பிய போத்தலொன்றைக் கொண்டுவருவார். நிலத்தைத் துடைப்பதற்கானது. எங்கள் சீமெந்துத் தரையில் ஒரு மூடி ஊற்றித் துடைத்ததும் காம்பரா முழுவதும் மலர்க்கடைபோல மணக்கும். அயற்காம்பராப் பெண்கள் வாசலில் வந்து நின்று மோந்து பார்ப்பர். அம்மா அந்த ஒரு நாளில் லயத்துக்கே அரசியாயிருந்தார். ஆனால் அவருடைய கைகள்? அம்மாயியின் கைகள் தேயிலைப் பாலாற் கறுத்தவை. அம்மாவின் கைகள் வெளுத்து, உள்ளங்கையில் தோலுரிந்து, நகவோரம் சிவந்தவை. மலகூடத்துக்கு அமிலம், துணிக்கு வெளிற்றி, கண்ணாடிக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று என நாள்தோறும் ஐந்தாறு திரவங்களில் அவர் கைகள் தோய்ந்தன. கையுறையைப் பற்றி எவரும் அவருக்குச் சொன்னதில்லை.

முதலாம் ஆண்டில் நான் தங்கியிருந்த வாடகை அறையில், குளியலறையைப் பளிச்சிடச் செய்யும் ஆர்வத்தில், அமிலத் திரவத்தை ஊற்றி, அது போதாதென்று வெளிற்றித் திரவத்தையும் அதன்மேல் ஊற்றினேன். அடுத்த கணம் மூக்கிலும் தொண்டையிலும் நெருப்பிட்டாற் போலிருந்தது. எப்படியோ வெளியே ஓடிவந்து படியில் அமர்ந்து அரைமணிநேரம் இருமினேன். இரண்டுஞ் சேர்ந்தாற் குளோரின் வாயு பிறக்கும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்பர்ப் போர்முனையில் ஜெர்மானியர் ஏவிய அதே வாயு. கலைப்பீட மாணவியாதலின் அப்போரைப் பற்றிப் படித்திருந்தேன். என் குளியலறையோடு அதனைப் பொருத்திப் பார்க்கத் தெரியவில்லை. தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். அவர் சற்று மௌனமாயிருந்துவிட்டு, "ரெண்டையும் கலக்கக் கூடாதுன்னு எனக்கு மட்டும் யாரு சொன்னா? மூச்சடச்சு விழுந்துதான் நானும் கத்துக்கிட்டேன்" என்றார். அவ்வாறு விழுந்ததை அதுவரை அவர் எங்களிடம் சொல்லியிருக்கவில்லை.

நான் உண்மையில் எழுத வந்தது இவற்றைப் பற்றியன்று. ஒரு கேனைப் பற்றி.

மாமா தோட்டத்தில் மருந்தடிக்கும் ஆட்களுள் ஒருவர். களைநாசினி நிரம்பிய தெளிகருவியை முதுகிற் சுமந்து மலைமலையாய் நடப்பார். 2010ஆம் ஆண்டென நினைவு. ஒருநாள் மாலை வெறுமையான வெள்ளைக் கேனொன்றைக் கொண்டுவந்தார். தடித்த பிளாஸ்டிக், இறுகிய மூடி, வாகான கைபிடி. எங்கள் லயத்தில் அத்தகைய கேனுக்கு இருந்த மதிப்பைப் பிறர் உணர்வது கடினம். காலையில் வரும் நீரைப் பிடித்து வைக்கக் கலமில்லையேல் மாலையிற் சோறில்லை. கடையில் ஒரு கேன் வாங்குவதானால் ஒருநாட் சம்பளம் போதாது. "மருந்துக் கேனாச்சே" என்று அம்மாயி தயங்கத்தான் செய்தார். பிறகு, "கழுவுனா போச்சு" என்று சாம்பல் டின்னை எடுத்தார்.

அவர் கழுவியதைப் போல எவரும் எதையும் கழுவியிருக்க மாட்டார்கள். முதலில் வெளிப்புறம். கேனின் ஒருபக்கம் முழுவதும் ஒட்டியிருந்த வண்ணத்தாளை நீரில் ஊறவைத்து, நகத்தாற் சுரண்டி, எஞ்சிய பசையைச் சாம்பலும் தும்புங்கொண்டு தேய்த்து அடையாளமில்லாமற் போக்கினார். பின்னர் உள்ளே சாம்பலும் சிறு கற்களும் நீரும் இட்டுக் குலுக்கினார். மூன்று நாள் புளித்தண்ணீர் ஊற்றி வைத்தார். வெயிலிற் கவிழ்த்தார். மோந்து பார்த்தார், எங்களையும் மோந்து பார்க்கச் சொன்னார். வாடையில்லை. கறையில்லை. பிள்ளைபோல் வெளுத்திருந்தது. ஒன்பது ஆண்டுகள் அதில் நாங்கள் குடிநீர் வைத்தோம்.

2015இல் அரசு கிளைபோசேற்று என்னும் களைநாசினியைத் தடைசெய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. 2021இல் எல்லா வேளாண் இரசாயனங்களின் இறக்குமதிக்கும் தடை வந்தது. அவ்வாண்டு முடியுமுன்னரே அது கைவிடப்பட்டது. தடை வந்தபோது மாமா மண்வெட்டி எடுத்தார். தளர்ந்தபோது மீண்டும் தெளிகருவி. நாட்டில் இது குறித்துப் பெரும் விவாதங்கள் நடந்தன. எங்கள் வெள்ளைக் கேன் அவ்விவாதங்களிற் கலந்துகொள்ளாமல் அடுப்படி மூலையிலேயே அமர்ந்திருந்தது.

உயர்தரம் படித்த 2019ஆம் ஆண்டில், மரக்கறித் தோட்டம் செய்யும் அயலவர் ஒருவரின் வேலியோரம் அதே வடிவக் கேனொன்று கிடந்தது. அதில் தாள் கிழியாமல் இருந்தது. விளையாட்டாகக் குனிந்து வாசித்தேன். மிகச் சிறிய எழுத்து, ஆயினும் தமிழ். வெறுங்கலனை வேறெத் தேவைக்கும் பயன்படுத்தலாகாது, மும்முறை அலசித் துளையிட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்ற பொருளில் எழுதியிருந்தது. நான் அங்கேயே நின்றேன். நாட்டில் 1980ஆம் ஆண்டிலிருந்து பீடைநாசினிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் உண்டு. எச்சரிக்கையும் எங்கள் மொழியிலேயே எங்கள் வீட்டு வாசல் வரை வந்திருந்தது. நாங்கள் முதன்முதலாகக் கழுவிக் களைந்தது அந்த எச்சரிக்கையைத்தான்.

அத்தகைய கேனை ஏன் கழுவித் தூய்மையாக்க முடியாதென்று பின்னர் தேடிப் படித்தேன். சில நஞ்சுகள் பிளாஸ்டிக்கின் சுவருக்குள்ளேயே ஊறிவிடும். மெல்ல மெல்ல நீருக்குள் மீளும். கைபிடி உட்குழலாயிருப்பின் அதற்குள் மருந்து தேங்கி நிற்கும்; எத்தனை குலுக்கினாலும் நீர் அங்கே முழுமையாய்ப் போய்வராது. மூடியின் இடுக்கும் அவ்வாறே. அம்மாயியின் சாத்திரம் முழுவதும் கண்ணையும் மூக்கையும் நம்பி எழுந்தது. பிசுக்கு, கரி, களிம்பு, கறை, வாடை: இவை போயின் பொருள் தூயது. அவருடைய தலைமுறை கையாண்ட அழுக்குகள் எல்லாம் தம்மைக் காட்டிக்கொடுப்பவை. இந்த அழுக்கு நிறமும் மணமும் இன்றி இருந்தது. சாம்பல் தன் பணியைச் செவ்வனே செய்தது. அது அதன் பணியன்று என்பதே குறை.

இதனால் எங்கள் வீட்டில் எவரேனும் நோயுற்றார்களென்று நான் சொல்லமாட்டேன். தம்பிக்குச் சிறுவயதில் அடிக்கடி வயிறு வலிக்கும். தோட்டத்திற் பிள்ளைகளுக்கு வயிறு வலிக்க ஆயிரம் காரணங்கள் உண்டு. இந்தக் கேனோடு அதை முடிச்சிட என்னிடம் சான்றில்லை. இரவில் விழித்துக்கொள்ளும்போது அந்த ஒன்பது ஆண்டுகளை எண்ணிப் பார்ப்பதுண்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

அன்றே வீட்டுக்கு வந்து, அடுப்பிற் கம்பியைக் காய்ச்சி, கேனில் நான்கு துளைகள் இட்டேன். அம்மாயி கொழுந்து நிறுத்துத் திரும்பியபோது கேன் வாசலிற் கிடந்தது. நான் சொல்வதையெல்லாம் படங்கை அவிழ்த்தபடியே கேட்டார். அவர் முகத்தில் சினமில்லை. நான் எதிர்பார்த்த அதிர்ச்சியும் இல்லை. நெடுநேரங் கழித்து, "நா நல்லாத்தானே கழுவுனேன், தாயி" என்றார். பின்னர், "சரி, இப்ப தண்ணிய எதுல புடிக்கிறது?" என்று கேட்டார்.

முதற்கூற்றுக்கும் என்னிடம் மறுமொழி இல்லை, இரண்டாவதற்கும் இல்லை. மறுநாட் காலையில் மாமா எங்கிருந்தோ ஒரு பழைய பெயின்ற் வாளியைக் கொண்டுவந்தார். அம்மாயி அதனை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குடிநீருக்கு வேண்டாமென்று கைகால் கழுவும் நீருக்கு ஒதுக்கினார். அலுமினியச் சட்டிகள் இரண்டில் குடிநீர் தங்கியது. சோறாக்கும் வேளையில் அந்நீரைச் செம்பிலும் கோப்பைகளிலுமாகப் பகிர்ந்து வைத்தோம்.

எங்கள் லயத்துப் பீலியிலிருந்து வழியும் நீர் கானில் இறங்கி, ஓடையாகிக் கொத்மலை ஓயாவிற் சேர்கிறது. தலவாக்கலையில் 2012இல் நிறைவுற்ற மேல் கொத்மலை அணையையும், அதற்கும் கீழே 1985இல் எழுந்த கொத்மலை நீர்த்தேக்கத்தையும் கடந்து மகாவலியாகிப் பேராதனை வழியே போகிறது. அங்கே அந்நீரில் ஒரு பங்கு எடுத்துச் சுத்திகரிக்கப்பட்டுக் கண்டி மக்களுக்குக் குடிநீராகிறது. பாலத்தின்மேல் நின்று ஆற்றைப் பார்க்கும்போதெல்லாம், அம்மாயி கழுவிய சாம்பலும் புளியும் இதில் வந்தனவே என்று முன்னர் எனக்கோர் இன்ப எண்ணம் எழும். மாமா தெளித்ததும், அம்மா கொண்டுவந்த ஊதா நிறத் திரவமும் இதிலேதான் வந்தன. ஆற்றுக்கு ஓரவஞ்சனை இல்லை. புறத்தூய்மைக்கு நீர் போதுமென்ற குறளின் கருத்தை விரிவுரையில் கேட்டபோதும் நான் அந்தக் கேனையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல்கலைக்கழகம் புகுந்து, மகாபொல உதவிப்பணத்தின் முதற்பகுதி கைக்கு வந்ததும், ஹட்டன் கடையொன்றில் எவர்சில்வர்க் குடம் ஒன்று வாங்கினேன். அம்மாயி அதனை மடியில் வைத்துத் தட்டிப் பார்த்தார், ஒலி பிடித்திருந்தது. புதுப்பாத்திரமாயினும் துலக்காமல் நீர் பிடிக்கலாகாதென்று பீலிக்கரைக்குக் கொண்டுபோனார். நானும் பின்னே சென்றேன். சாம்பல் டின்னைக் கல்லின்மேல் வைத்து, தும்பை நனைத்து, குடத்தின் வயிற்றில் ஒட்டியிருந்த சிறு தாளின் ஓரத்தில் நகத்தை ஊன்றியவர், சட்டென நிறுத்திக்கொண்டு குடத்தை என் பக்கம் திருப்பினார்.

"இதுல என்னமோ எழுதியிருக்கு, தாயி. மொதல்ல அத வாசி."

வாசித்தேன். செய்தவர் பெயர், கொள்ளளவு, விலை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், அம்மாயி."

பின்பக்கத்தையும் ஒருமுறை திருப்பிக் காட்டி, அங்கே எதுவும் இல்லையென்று நான் சொன்ன பிறகே தாளை உரித்தெடுத்தார்.